இலை இல்லாத கஷாயம்

ஜனவரி 5, ஞாயிறு

உரக்கடை முதலாளி ஆளைப் பார்த்துத்தான் டைரி கொடுப்பார். எனக்குக் கிடைத்தது கெட்டி அட்டை போட்டது. அமல்ராஜுக்குச் சட்டைப்பையில் போடுகிற சைஸ். அவன் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன், சின்னதாக எழுதிப் பழக்கப்பட்டவன், அதனால்தான் என்கிறான். அப்படியே இருக்கட்டும்.

போன வருஷ டைரியில் பால் கணக்குதான் எழுதினேன். இந்த வருஷம் எழுத விஷயம் இருக்கிறது. என் தங்கச்சி சௌந்தரத்தின் மகள் சுபிக்ஷா இங்கே திண்டுக்கல்லிலேயே எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி கடைசி வருஷம் படிக்கிறாள். மைக்ரோபயாலஜி என்றால் கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிய படிப்பு. நான் ஒன்பதாவது அரைப்பரீட்சையோடு நிறுத்தாமல் இருந்திருந்தால் இதைத்தான் படித்திருப்பேன். பழ மரங்களின் இலை, தோல், கொட்டை இவற்றின் சாறு, சாப்பாட்டில் வளர்கிற கிருமியைக் கொல்லுமா என்று அவள் ஆராய்ச்சி செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். மாதுளைத் தோல், மாங்கொட்டை, நாவல் கொட்டை என்று யோசித்து வைத்திருந்தாள்.

"கொய்யா இலையைச் சேத்துக்க ஆத்தா. மத்தது எல்லாம் அதுக்குக் கைகட்டி நிக்கும்" என்றேன்.

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபத்தெட்டு வருஷம் 'மாயழகு டிபன் சென்டர்' நடத்தினேன். லட்சம் பேர் சாப்பிட்டிருப்பார்கள், இரண்டு லட்சம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒருத்தருக்கு வயிறு வலித்ததில்லை. கொடைக்கானல் போகிற வெள்ளைக்காரர்கள்கூட பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிச் சாப்பிட்டார்கள். காரணம் கொய்யா இலைத் தண்ணீர். என் வீட்டுக்காரி தனபாக்கியம், சீராகக் கொண்டுவந்த செம்புத் தவலையில் விடியக்காலையில் ஒரு கூடை இலையைப் போட்டுக் கொதிக்க வைப்பாள். சட்னி வாளி, மாவு அண்டா, இட்லித் துணி எல்லாம் அதில் ஒரு முங்கு. வயிறு சரியில்லை என்று எந்த டிரைவர் வந்தாலும் ஒரு டம்ளர். யோசனை என்னுடையது. செய்தது அவள்.

டீக்கடையில் இதைச் சொன்னபோது அமல்ராஜ் சிரித்தான்.

"உன் கடையில யாருக்கும் வயித்துவலி வராததுக்கு இலை காரணம் இல்லய்யா. தங்கச்சி தனபாக்கியம் கை சுத்தம், அம்புட்டுத்தான்."

"காலேஜுல நிரூபிக்கிறேன், பாரு. ரெண்டு லட்சம் பேர்."

"பத்தால வகுத்தா இருபதாயிரம். அது சரியா இருக்கும்."

நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுப்பது அவன் வழக்கம். கண்டக்டர் புத்தி.

தனபாக்கியம் போய் நாலாவது தை வரப்போகிறது. கடைக்கு என் பெயர். வீட்டு வரி என் பெயரில். அவள் பெயர் எழுதிய காகிதம் என்று பார்த்தால் கல்யாணப் பத்திரிகையும் இறப்புச் சான்றிதழும்தான். சுபிக்ஷாவின் ஆராய்ச்சிப் புத்தகத்தில், காலேஜ் முத்திரைக்குக் கீழே, தனபாக்கியம் என்று ஒரு வரி வந்துவிட வேண்டும். அதற்கு இலை ஜெயிக்க வேண்டும். இந்த வருஷம் எனக்கு இது ஒன்றுதான் வேலை.

ஜனவரி 8, புதன்

ஆயக்குடி போய் இலை பறித்து வந்தேன். தோட்டக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். (பூச்சிமருந்து அடிக்கிற தொட்டியை நகர்த்தவும் எழுந்திருக்கலாம்.) மருந்து அடிக்காத மரமாகப் பார்த்துப் பறித்தேன். தனபாக்கியம் நுனியிலிருந்து மூன்றாவது, நாலாவது இலையைத்தான் கிள்ளுவாள். ஏன் என்று கேட்டதில்லை. அப்படியே கிள்ளினேன்.

சாக்குப்பையோடு காலேஜுக்குப் போனேன். சுபிக்ஷா ஆய்வுக்கூடத்தைக் காட்டினாள். மூடி போட்ட கண்ணாடித் தட்டு, உள்ளே உறைந்த ஜெல்லி. அதன்மேல் கிருமியைத் தடவி, நடுவில் சின்னதாகத் துளை போட்டு, துளையில் சாற்றை விட்டு, சூடான பெட்டிக்குள் ஒரு நாள் வைப்பார்கள். கிருமி பாய் விரித்ததுபோல் தட்டு முழுவதும் படர்ந்துவிடும். சாற்றுக்குச் சக்தி இருந்தால் துளையைச் சுற்றி மட்டும் வட்டமாக வெறுமை விழும். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் சக்தி எவ்வளவு என்று தெரிந்துவிடும். நாலு கிருமி வைத்திருக்கிறாள். ஒன்றின் பெயர் சால்மோனெல்லா. சர்க்கஸ்காரிபோல் இருக்கிறது.

"மாமா, அதைத் தொடாதீங்க."

"தொடல ஆத்தா. மொகத்தைப் பாக்குறேன்."

"அதுக்கு மொகமெல்லாம் கிடையாது."

அவளுடைய புரபசர் மேடம் வந்து என்னைப் பற்றி விசாரித்தார். நான் சொன்ன விஷயங்களைக் கேட்டு அவர் பேச்சே வராமல் நின்றார்.

ஜனவரி 13, திங்கள்

போகி. பரணைச் சுத்தம் செய்தேன். செம்புத் தவலை கிடைத்தது. அவள் போன பிறகு யாரும் தொடவில்லை. தூக்கி இறக்கும்போது உள்ளே காய்ந்துபோன இலை ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்து ஜன்னல் ஓரமாக வைத்தேன்.

வெளியே தேய்த்தால் பளபளக்கிறது. உள்ளேதான் அசிங்கம், சாம்பல் கலரில் ஏடு ஏடாக. புளி போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. செங்கல்பொடி, அதற்கும் போகவில்லை. கடையில் உப்புத்தாள் வாங்கிவந்து மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். சாயங்காலம் உள்ளே எட்டிப் பார்த்தால் ரோஜாப்பூ மாதிரி சிவப்பு. தனபாக்கியம்கூட இவ்வளவு சுத்தமாக வைத்திருந்ததில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சௌந்தரம் வீட்டில் சாப்பாடு. கரும்பை நானே கடித்தேன், எல்லாப் பல்லும் என்னுடையது. (ரெண்டைத் தவிர.)

ஜனவரி 17, வெள்ளி

சுபிக்ஷா முகம் வாடி வந்தாள். இலைப் பொடியை ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையில் ஊறவைத்து வடிகட்டிச் சோதித்தாளாம். நாலு தட்டிலும் பாய் விரிந்த மேனிக்கு விரிந்திருக்கிறது. வட்டமே இல்லை.

"கொய்யாவை எடுத்துடலாம்னு மேடம் சொல்றாங்க மாமா."

"எடுக்கிறதா? நீ செஞ்சது கஷாயமே இல்ல. பவுடரைத் தண்ணியில கலக்கினா ஆச்சா? அத்தை செஞ்ச மாதிரி நான் செஞ்சு தாரேன். ஒரே ஒரு தடவை வச்சுப் பாரு."

அவளுக்கு நம்பிக்கை இல்லை. என் முகத்துக்காகச் சரி என்றாள்.

ஜனவரி 20, திங்கள்

விடியக்காலையில் அடுப்பைப் பற்றவைத்துத் தவலையை ஏற்றினேன். ஒரு கூடை இலை, ஒரு கை மாதுளைத் தோல், ரெண்டு எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழம் அவள் போட்டாளா என்று நினைவில்லை. போட்டிருப்பாள்.

கொதி வந்ததும் வீடு முழுவதும் அந்த வாசனை. வத்தலக்குண்டு முதல் பஸ் கிளம்புகிற நேரம் கடைக்குள் இந்த வாசனைதான் இருக்கும். டிரைவர்கள் பல்குச்சியோடு வந்து பெஞ்சில் உட்காருவார்கள். புகைக்குள்ளே இருந்து அவள் குரல் மட்டும் வரும். "மூணாம் நம்பர் மேசைக்கு ரெண்டு வடை. கல்லாவுல தூங்குறவரே, அந்தச் சில்லறையைக் குடுத்து அனுப்புங்க." நான் தூங்கவில்லை. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருஷமாக இதைச் சொல்லிவருகிறேன்.

ராத்திரி முழுக்கத் தவலையிலேயே மூடி வைக்கப்போகிறேன். ஊறட்டும்.

ஜனவரி 23, வியாழன்

நாலு தட்டிலும் வட்டம். வட்டம் என்றால் வண்டிச் சக்கரம் அளவு. சர்க்கஸ்காரி உட்பட நாலு கிருமியும் காலி. சுபிக்ஷா போனில் பேசும்போது மூச்சு வாங்குகிறது. மேடம் மற்ற மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம்.

டீக்கடைக்குப் போய், வட்டம் நாலு அங்குலம் என்றேன்.

"தட்டே நாலு அங்குலம் இருக்காதேய்யா" என்றான் அமல்ராஜ்.

"தட்டுக்கு வெளியவும் செத்துக் கிடக்குது."

ஜனவரி 27, திங்கள்

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடிக்கிறேன். நாலு கிருமியைக் கொல்கிற மருந்தைச் சும்மா வைத்திருப்பதா? உடம்பு இரும்பாகிவிட்டது. காலையில் கொஞ்சம் குமட்டியது, பித்தம். வாசலில் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன். நாக்கில் அஞ்சு பைசாவை வைத்ததுபோல் ஒரு ருசி. மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 29, புதன்

பித்தம்.

ஜனவரி 31, வெள்ளி

படித்தவர்களுக்கு ஒரு தடவை சொன்னால் போதாது. மேடம் பக்கத்திலேயே நின்று, அதே ஆயக்குடி இலை, அதே மாதுளைத் தோல், அதே எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் ஆய்வுக்கூடத்துக் குடுவையில் கொதிக்க வைக்கச் சொன்னாராம். ஒன்றும் விழவில்லையாம், மங்கலாக ஏதோ இருந்ததாம். மறுபடி என் பாட்டில் போனது. மறுபடி வண்டிச் சக்கரம்.

"கைப்பக்குவம் ஆத்தா. அதை எந்த மெஷின்ல அளப்பீங்க?" என்றேன்.

சுபிக்ஷா சிரிக்கவில்லை. "மாமா, ஒரே சாமான், ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி வந்தா அது ரிசல்ட் இல்ல. புத்தகத்துல போட முடியாது. என்னமோ ஒண்ணு வேற இருக்கு" என்றாள்.

புத்தகத்தில் போட முடியாது என்றதும் எனக்குப் பித்தம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

பிப்ரவரி 5, புதன்

தைப்பூசம் நெருங்கிவிட்டது. பழனிக்கு நடக்கிறவர்கள் நம் தெரு வழியாகத்தான் போகிறார்கள். பச்சை வேட்டி, தோளில் காவடி, காலில் துணி சுற்றிக்கொண்டு, வெயிலில் அரோகரா சொல்லிப் போகிற கூட்டம். கடை இருந்தபோது தைப்பூச வாரம் தனபாக்கியம் வாசலில் பெஞ்சு போட்டு மோர் கொடுப்பாள். அன்றைக்கெல்லாம் கல்லா காலியாகவே இருக்கும். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததாக அவள் சொல்வாள். அது வெயிலுக்காக.

இந்த வருஷம் நான் போடுகிறேன். மோர் எல்லோரும் கொடுப்பார்கள். நான் கொடுக்கப்போவது கஷாயம். வழியில் கண்ட தண்ணீரையும் குடித்து வருகிறவர்களுக்கு இதைவிட எது வேண்டும்? பெயிண்டர் போர்டு எழுதிவிட்டார். 'தனபாக்கியம் கொய்யா இலைக் கஷாயம். இலவசம்.' காலேஜ் எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். சனிக்கிழமை கூட்டம் அதிகம். அன்றைக்கு ஆரம்பம்.

பிப்ரவரி 6, வியாழன்

சுபிக்ஷா காலையில் ஸ்கூட்டியில் வந்து ஒரு வேடிக்கையான உதவி கேட்டாள்.

"மாமா, அதே தவலையில, அதே தண்ணி, அதே எலுமிச்சம்பழம். இலை மட்டும் போடாம, தோலும் போடாமக் கொதிக்க வச்சு ஒரு பாட்டில் குடுங்க. நீங்க வைக்கிற மாதிரியே ஊற வச்சுக் குடுங்க."

"இலை இல்லாத கஷாயமா? டீத்தூள் இல்லாம டீ கேக்குற மாதிரில்ல இருக்கு."

"ஆமா மாமா. அதைத்தான் மேடம் கேக்குறாங்க. எல்லாச் சோதனையிலயும் ஒண்ணுமே இல்லாத ஒரு தட்டு இருக்கணும். அப்பத்தான் இருக்கிறது என்ன செஞ்சதுன்னு தெரியும்."

முந்தின ராத்திரி தற்செயலாகத் தவலையில் எலுமிச்சம்பழத் தண்ணீர்தான் கொதித்து மூடியிருந்தது. இலை வரத் தாமதம். அதையே ஊற்றிக் கொடுத்தேன். அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். லேசான பச்சை. "இலையே போடலையே மாமா, ஏன் பச்சையா இருக்கு?" என்றாள். எலுமிச்சம்பழத்தோல் சாயம் என்றேன். விஞ்ஞானம் படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 8, சனி

காலையில் வாசலில் மேசை போட்டு, தவலையைத் தூக்கி வைத்து, போர்டைக் கட்டினேன். ராத்திரி முழுக்க ஊறிய கஷாயம், காலையில் மறுபடி சூடாக்கியது. முதல் கூட்டம் வந்தது. காரைக்குடிப் பக்கத்து ஆட்கள். ஒரு அம்மா, இடுப்பில் குழந்தை. முதல் டம்ளரை அவருக்குக் கொடுத்தேன்.

"புள்ளைக்கும் குடுக்கலாமாய்யா?"

"தாராளமாக் குடுங்கம்மா. காலேஜுல சோதிச்சது. கிருமி ஒண்ணு மிஞ்சாது."

தெருமுனையில் ஸ்கூட்டி சத்தம். சுபிக்ஷா வண்டியை ஸ்டாண்டு போடவில்லை, அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஊத்தாதீங்க மாமா. யாருக்கும் குடுக்காதீங்க. அக்கா, குடிச்சுட்டீங்களா?"

"இல்லம்மா, சுடுது. ஆத்திக்கிட்டு இருக்கேன்."

டம்ளரை அந்த அம்மாவின் கையிலிருந்து வாங்கினாள். பிறகு தவலையைப் பிடித்தாள். நான் குறுக்கே போனேன். இருபது லிட்டர். நான் ஒரு கையால் தூக்குவேன், அது வேறு விஷயம். அவள் இடது கையை விளிம்பில் கொடுத்து, துப்பட்டாவைச் சுருட்டி வலது கையால் அடியைத் தாங்கி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, சாக்கடையில் கவிழ்த்தாள். முழுசும். ஒரு சொட்டு பாக்கி வைக்கவில்லை.

நான் அப்படியே நின்றேன். தனபாக்கியம் பதினொரு மணிக்குச் சட்னி வாளியை இப்படித்தான் கவிழ்ப்பாள். இடது கை விளிம்பில், வலது கை அடியில், முகம் அந்தப் பக்கம். பாதி வாளி மிச்சம் இருந்தாலும் சரி, வெளியே ஆள் நின்றாலும் சரி. பதினொரு மணிக்குமேல் அந்தத் தேங்காய்ச் சட்னி என் கடையில் இருந்ததில்லை. அது என் கண்டிப்பு. நான் போட்ட சட்டம்.

சுபிக்ஷா படியில் உட்கார்ந்தாள்.

"இலை இல்லாத தண்ணி இருக்குல்ல மாமா. அதுவும் கொன்னுடுச்சு. அதே அளவு வட்டம். இப்பத்தான் தட்டைத் திறந்து பாத்தேன்."

"நல்லதுதானே."

"கொல்றது இலை இல்ல மாமா. செம்பு. புளிப்புத் தண்ணி ஊற ஊறச் செம்பு அதுல கரைஞ்சுடுது. கிருமிக்கு மட்டும் இல்ல, அது மனுசனுக்கும் ஆகாது. வாந்தி வரும், வயித்தைப் பொரட்டும். அந்தப் பிள்ளை குடிச்சிருந்தா..." எழுந்துபோய்த் தவலைக்குள் எட்டிப் பார்த்தாள். "செம்பு கரையாம இருக்க உள்ள ஈயம் பூசியிருக்கணுமே. அத்தை வருசா வருசம் பூசுவாங்கன்னு அம்மா சொல்லுவாங்களே. எங்க?"

"ஈயமா? உள்ள அழுக்கு இருந்துச்சு. சாம்பலா. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். கூட்டத்தில் பாதிப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நீங்க இதைக் குடிச்சீங்களா மாமா?"

"நான் எதுக்குக் குடிக்கிறேன்" என்றேன்.

அவள் வாசல் ஓரத்தைப் பார்த்தாள். நான் காலையில் வாய் கொப்பளித்த இடத்தை இன்னும் கழுவவில்லை.

அமல்ராஜ் எங்கிருந்தோ ரெண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தான். சாயங்காலம் வரை ரெண்டு பேரும் வெறும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தோம். போர்டை நான்தான் அவிழ்த்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆஸ்பத்திரி. டாக்டர் என் உடம்பைப் பார்த்து அசந்துபோனார். ரத்தம் எடுத்தார்கள். தவலையைத் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 10, திங்கள்

சௌந்தரம் கஞ்சி கொண்டுவந்தாள். கூடவே வாயையும் கொண்டுவந்தாள்.

"இருபத்தெட்டு வருசம் கல்லாவுல உக்காந்தியேண்ணே, ஒரு நாளாவது அந்தத் தவலைக்குள்ள எட்டிப் பாத்தியா? ஈயத்தைப் போயி அழுக்குன்னு தேய்ச்சிருக்க."

"எனக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

"என்ன வேலை? பதினோரு மணிக்கு மதினி சட்னியைக் கொட்டப் போனா, வாளியைப் புடிச்சு இழுப்ப. 'காசைக் கொட்டுறா, காசைக் கொட்டுறா'ன்னு தெருவே கேக்கக் கத்துவ. அது ஒண்ணும் பேசாம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுக் கவுத்துட்டு உள்ள போயிடும்."

சௌந்தரத்துக்கு வயதாகிவிட்டது. ஞாபகம் மங்கிவிட்டது. அவள் சொல்வதுபோல் தெருவெல்லாம் கேட்கவில்லை. பக்கத்து ரெண்டு கடைக்குத்தான் கேட்கும்.

கஞ்சியில் உப்பு கம்மி.

பிப்ரவரி 14, வெள்ளி

உடம்பு தேவலை. பித்தம் என்று நான் நினைத்தது எல்லாம் நின்றுவிட்டது.

சுபிக்ஷா வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். மேடம் திட்டவில்லையாம். தப்பைக் கண்டுபிடித்ததே பெரிய விஷயம், அதையும் எழுது என்றாராம். ஆனால் மாத முடிவில் கணக்கெல்லாம் முடிய வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை செய்து பார்க்க நேரம் இருக்கிறது. கொய்யாவை விட்டுவிட்டால் வேலை சுலபம், மாதுளைத் தோல் ஒன்றே போதும், அது நன்றாகவே வேலை செய்கிறது என்றாள்.

ஜன்னல் ஓரத்தில் அந்தக் காய்ந்த இலை இருந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"தவலையில ஒட்டியிருந்துச்சு. அத்தை கடைசியாப் போட்டது."

திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள்.

"இதுல எலுமிச்சம்பழம் அத்தை போட்டாங்களா மாமா? நெசமாச் சொல்லுங்க."

"தெரியாது ஆத்தா."

"மாதுளைத் தோல்?"

"தெரியாது. இலையைக் கிள்ளுறதைத்தான் பாத்திருக்கேன். மூணாவது, நாலாவது இலை. பிஞ்சு இல்ல, முத்தலும் இல்ல."

"அப்ப இலை மட்டும். நிழல்ல காயவச்சு, கண்ணாடியில, நல்லா அடர்த்தியா எடுக்கிறேன். போன தடவை ரொம்பத் தண்ணியா எடுத்துட்டேனோன்னு ஒரு சந்தேகம். ஒரே தடவைதான் மாமா. வட்டம் விழலைன்னா விழலைன்னுதான் எழுதுவேன்."

"எழுது" என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆயக்குடி. இலையை ஒவ்வொன்றாக எண்ணிக் கிள்ளினேன். தோட்டக்காரர் எழுந்து நிற்கவில்லை. கொய்யாப்பழம் ஒன்று கொடுத்தார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இலை காய்ந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து தவலையைச் சாக்கில் கட்டினேன். மேற்கு ரத வீதியில் இன்னும் ஈயம் பூசுகிற ஒருவர் இருக்கிறார். உள்ளே பார்த்தவர், "யாருய்யா இந்த வேலையைப் பாத்தது?" என்றார். யாரோ வாடகைக்கு எடுத்தவர்கள் என்றேன்.

பிப்ரவரி 27, வியாழன்

மேடம் அனுமதி கொடுத்ததால் நானும் ஆய்வுக்கூடத்துக்குள் போனேன். செருப்பை வெளியே விட்டேன். விடத் தேவையில்லை என்றார்கள். பரவாயில்லை.

சுபிக்ஷா சூட்டுப் பெட்டியிலிருந்து கொய்யாத் தட்டு நாலையும் எடுத்து மேசையில் வைத்தாள். முதல் தட்டு, பாய் விரித்தபடி. ரெண்டாவது, சர்க்கஸ்காரி, அப்படியே. மூன்றாவதும் அப்படியே. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மாமா, இங்க பாருங்க."

நாலாவது தட்டில், துளையைச் சுற்றிச் சின்னதாக ஒரு வெறுமை. மெட்டி அளவு. கல்யாணத்தன்று தனபாக்கியம் காலில் போட்ட வெள்ளி மெட்டி, அதுவும் சின்னச் சைஸ்தான். அவளுக்குச் சின்ன விரல்.

ஸ்கேலை வைத்து அளந்தாள். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னாள். துளையையும் சேர்த்துப் பதினொரு மில்லிமீட்டர். இன்னும் ரெண்டு தட்டு அதே மாதிரி வைத்திருந்தாள். அதிலும் அதே அளவுதான். பக்கத்தில் இலை இல்லாத தட்டு, அதில் ஒன்றும் இல்லை. மாதுளைத் தோலுக்குப் பத்தொன்பது, அதுவும் ரெண்டு கிருமிமேல். ஜெயித்தது மாதுளை.

"இந்த நாலாவது ஆளு எங்க இருப்பான்?" என்று கேட்டேன்.

"நம்ம கையில, மூக்குல. சமைக்கிறவங்க கையில இருந்து சட்னி மாதிரி எதுலயாவது போயிச் சேரும். வெயில்ல நேரம் ஆக ஆகப் பெருகி, விஷத்தைக் கக்கி வச்சிடும். அதுக்கப்புறம் கொதிக்க வச்சாலும் அந்த விஷம் போகாது."

"இலைத் தண்ணியில வாளியைக் கழுவினா?"

"கொஞ்சம் உதவலாம். இவ்வளவுதான்." மெட்டி வட்டத்தைக் காட்டினாள். "அதை மட்டும் நம்ப முடியாது மாமா. நேரம் ஆச்சுன்னா கொட்டிடணும். வேற வழி இல்ல."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேடம் நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்காரவில்லை.

வெளியே வந்தபோது சுபிக்ஷா கம்ப்யூட்டரில் அடித்த பக்கத்தைக் காட்டினாள். அட்டவணையில் நாலாவது வரி: கொய்யா இலை, தனபாக்கியம் முறை, 11. மேலே காலேஜ் பெயர்.

என் பெயர் எங்கே என்று கேட்டேன். கடைசியில் செம்புப் பாத்திரத்தைப் பற்றி எச்சரிக்கை என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் 'உறவினர் ஒருவர்' என்று நான் வருகிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

தவலை வந்துவிட்டது. உள்ளே வெள்ளையாக, முகம் தெரிகிறது. பரணில் ஏற்றவில்லை. அடுப்பு மேடைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

டீக்கடைக்குப் போனேன். அமல்ராஜ் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். தைப்பூசத்துக்குப் பிறகு அவன் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன்.

"காலேஜுல அளந்துட்டாங்க."

"என்ன வந்துச்சு?"

"மூணு கிருமிக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணுக்கு மட்டும் வட்டம். பதினோரு மில்லிமீட்டர்."

அவன் டீயை ஆற்றினான். கண்ணை ஒரு பக்கமாகச் சாய்த்தான். டிக்கெட் கணக்குப் பார்க்கும்போது அவன் முகம் அப்படித்தான் போகும்.

"அப்ப ஒண்ணு, ஒண்ணேகால் இருக்கும்" என்றான்.

"வகுக்காதய்யா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். மெயின் ரோட்டில் வத்தலக்குண்டு பஸ் ஹாரன் அடித்துத் திரும்பியது.

"பதினொண்ணு" என்றான்.